அம்மா, திரையில என்ன தெரியுது?
(தூரத்தில் இருந்தபடி பெற்றோருக்குக் கைப்பேசி, கணினி உதவி: ஒரு பாடம்)



நம்மில் பலர் வீட்டை விட்டு வந்தவர்கள். சுங்கை சிப்புட், கூலிம், தெலுக் இந்தான், சிகாமட் என்று ஊர் வேறு வேறாக இருக்கலாம். படிப்புக்காகவோ வேலைக்காகவோ கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் வந்துவிட்டோம். சிலர் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கே போய்விட்டோம். அம்மா அப்பா ஊரில் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது இப்படி ஒரு அழைப்பு வரும்: "ஐயா, ஃபோன்ல என்னமோ வருதுய்யா. என்னன்னு கொஞ்சம் பாரேன்."

இங்கிருந்து எப்படிப் பார்ப்பது? அதுதான் இந்த மாதப் பாடம். சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் இதை எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்து, அம்மா அப்பாவின் சேமிப்புப் பணம் பத்திரமாக இருக்குமா இல்லையா என்பதுகூட முடிவாகலாம். எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

பாடத்தின் நோக்கம்

இதைப் படித்து முடித்ததும் உங்களுக்கு மூன்று விஷயம் கைவர வேண்டும்:

1. பெற்றோர் பார்க்கும் திரையை, நீங்கள் பார்க்காமலே புரிந்துகொள்வது.
2. அடுத்த முறை அவர்களே செய்துகொள்ளும்படி சொல்லிக் கொடுப்பது.
3. பணம், ரகசிய எண் சம்பந்தப்பட்ட ஆபத்து வந்தால் பதறாமல் சரியான வரிசையில் நடப்பது.

1. முதலில், யாரோடு போட்டி என்று தெரிந்துகொள்வோம்

முன்பெல்லாம் வங்கியில் புத்தகத்தை நீட்டினால் போதும். பணம் கைக்கு வந்துவிடும். மின்சார பில்லைத் தபால் நிலையத்தில் கட்டிவிட்டு வரலாம். இன்றைக்கு அரசாங்கக் கிளினிக்கில் முன்பதிவு மைசெஜாத்ராவில், ஓட்டுநர் உரிமம் மைஜேபிஜேயில், சேமநிதிக் கணக்கு கேடபிள்யூஎஸ்பி செயலியில். உதவித்தொகை விண்ணப்பம்கூட இணையத்தில்தான். 2020இல் கோவிட் வந்தபோது கடை வாசலில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யக் கற்றுக்கொண்டதுதான் நம் பெற்றோரில் பலருக்கு முதல் ஸ்மார்ட்ஃபோன் பாடம். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. வரிசையில் நின்றபடி, பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுவதைக் கேட்டபடி கற்றார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அதே அம்மாவுக்கு இன்னொருவரும் ஃபோன் செய்கிறார். "அம்மா, வணக்கம். நான் போலீஸ் தலைமையகத்திலிருந்து பேசுறேன். உங்க பேர்ல ஒரு பார்சல் மாட்டியிருக்கு. பயப்படாதீங்க, நான் உதவி பண்றேன். லைனை மட்டும் கட் பண்ணிடாதீங்க." இதைத்தான் நம் நாட்டில் மக்காவ் ஸ்கேம் என்கிறோம். அந்த ஆள் அவசரப்படமாட்டான். அம்மா பட்டனைத் தேடும்வரை காத்திருப்பான். ஒரே விஷயத்தைப் பத்து முறை கேட்டாலும் பத்து முறை சொல்வான். "ரொம்ப நல்லா செய்றீங்கம்மா" என்று பாராட்டக்கூடச் செய்வான்.

நாம் எப்படிப் பேசுகிறோம்? "எத்தனை தடவம்மா சொல்றது!" "ஐயோ, அதை ஏன் அமுக்குனீங்க?" "விடுங்க, நான் வரும்போது பாத்துக்கிறேன்."

இப்படி நாலு முறை கேட்ட அம்மா, ஐந்தாவது முறை சந்தேகமான செய்தி வரும்போது நம்மைக் கூப்பிடமாட்டார். 'அவன் வேலையில இருப்பான், கத்துவான்' என்று தானே ஒரு முடிவு எடுப்பார். மோசடிக்காரனுக்கு வேண்டியதும் அதுதான். ஆகவே இந்தப் பாடத்தின் மையக் கருத்து இது: ஃபோனில் நாம் செய்யும் ஒவ்வொரு சின்ன உதவியும், அம்மா அப்பா ஆபத்தில் நம்மைக் கூப்பிடுவார்களா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. வாட்ஸ்அப் சத்தத்தைச் சரி செய்வது அப்புறம். 'இவனைக் கேட்கலாம்' என்ற தைரியத்தை அவர்கள் மனதில் காப்பாற்றி வைப்பதுதான் முதல் வேலை.

2. அவர்களுக்கு ஏன் கஷ்டமாக இருக்கிறது?

"வயசாயிடுச்சு, அதான் புரியல" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அது சரியான காரணம் அல்ல. ஐம்பது பேருடைய மொய்க் கணக்கை மனதிலேயே வைத்திருக்கும் அம்மாவுக்கு ஞாபக சக்தி இல்லை என்று யார் சொன்னது? உண்மையான காரணங்கள் வேறு.

மொழி. நம் பெற்றோரில் பலர் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். ஃபோன் ஆங்கிலத்தில் இருக்கிறது. நீங்கள் "செட்டிங்ஸ் போங்க" என்கிறீர்கள். அவர்கள் ஃபோன் மலாயில் இருந்தால் அங்கே 'தெத்தாப்பான்' என்று எழுதியிருக்கும். தமிழில் இருந்தால் 'அமைப்புகள்'. நீங்கள் சொல்லும் சொல் அவர்கள் திரையிலேயே இல்லை!

பயம். நாம் ஃபோனில் தவறாக எதையாவது அமுக்கினால் 'பேக்' போட்டுத் திரும்பிவிடுவோம். அவர்கள் வேலை செய்த காலத்து இயந்திரங்கள் அப்படி இல்லை. பால் ஆலையிலோ தொழிற்சாலையிலோ தவறான சுவிட்சைத் தட்டினால் கை போகும், இல்லாவிட்டால் வேலை போகும். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறியிருக்கிறது. அதனால்தான் ஒரு பட்டனை அமுக்குவதற்கு முன் "அமுக்கலாமா? ஒண்ணும் ஆயிடாதே?" என்று மூன்று முறை கேட்கிறார்கள்.

விரலும் கண்ணும். வயதாக ஆகத் தோல் வறண்டுபோகும். வறண்ட விரலைத் தொடுதிரை சில நேரம் உணராது. உணரவில்லை என்று அவர்கள் அழுத்திப் பிடிக்கிறார்கள். ஃபோன் அதை 'நீண்ட அழுத்தம்' என்று எடுத்துக்கொண்டு வேறு ஏதோ பட்டியலைத் திறக்கிறது. "நான் ஒண்ணுமே பண்ணல, அதுவா வந்துச்சு" என்று அவர்கள் சொல்வது பொய் இல்லை.

வழியை மனப்பாடம் செய்வது. நமக்கு ஃபோனின் வரைபடமே மனதில் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு பாதை மட்டும் தெரியும்: 'பச்சைப் படம், அப்புறம் மேல இருக்கிற முதல் பேரு.' ஒரு அப்டேட்டில் அந்தப் பச்சைப் படம் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டால் பாதை முழுவதும் அறுந்துவிடும்.

இந்த நாலும் தெரிந்தாலே நம் குரலில் பாதிக் கோபம் குறைந்துவிடும்.

3. ஃபோனில் உதவும் முறை: ஐந்து படிகள்

ஒருவர் முதல் முறையாக உங்கள் வீட்டுக்கு வருகிறார், வழி தெரியவில்லை என்று கூப்பிடுகிறார். நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள்? "இப்ப எங்க நிக்கிறீங்க?" அதைத் தெரிந்துகொள்ளாமல் "இடது பக்கம் திரும்புங்க" என்று யாராவது சொல்வார்களா? ஆனால் ஃபோன் உதவியில் நாம் தினமும் செய்வது அதுதான்.

படி 1: நேரத்தைச் சரி பாருங்கள். முதலில் ஒரே கேள்வி: "மா, இது காசு விஷயமா? யாராச்சும் நம்பர் கேட்டாங்களா?" ஆம் என்றால் கையில் உள்ள வேலையை விட்டுவிட்டுப் பேசுங்கள். இல்லை என்றால், அவசரத்தில் அரைகுறையாகச் சொல்வதைவிட "ராத்திரி எட்டு மணிக்கு நானே கூப்பிடுறேன்" என்று சொல்லுங்கள். எட்டு மணிக்குக் கண்டிப்பாகக் கூப்பிடுங்கள். அவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

படி 2: உட்கார வையுங்கள். கண்ணாடி போட்டாச்சா? சார்ஜ் இருக்கா? அடுப்பு அணைச்சாச்சா? சிக்கல் உள்ள ஃபோனிலேயே பேசிக்கொண்டு அதே ஃபோனைப் பார்ப்பது கஷ்டம். முடிந்தால் அப்பாவின் ஃபோனில் ஸ்பீக்கர் போட்டுப் பேசட்டும். அம்மாவின் ஃபோன் கையில் இருக்கட்டும். ஒரே ஃபோன்தான் என்றால் ஸ்பீக்கர் போடுவது எப்படி என்பதுதான் நீங்கள் சொல்லித் தர வேண்டிய முதல் பாடம்.

படி 3: சொல்வதற்கு முன் கேளுங்கள். "திரையில என்ன தெரியுது? மேலேருந்து ஒவ்வொண்ணா படிங்க." ஆங்கிலம் தெரியாவிட்டால் எழுத்து எழுத்தாகச் சொல்லட்டும். அதுவும் முடியாவிட்டால் நிறம், படம், இடம். அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் ஒரு தாளில் அந்தத் திரையை வரைந்துகொள்ளலாம். குறுக்கே பேசாதீர்கள். பாதிப் பிரச்சினை இந்த இடத்திலேயே விளங்கிவிடும்.

படி 4: ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை. ஒரு செயல் சொல்லுங்கள். நிறுத்துங்கள். "இப்ப என்ன வந்துச்சு?" என்று கேளுங்கள். பதில் வந்த பிறகே அடுத்தது. பட்டனின் பெயரைச் சொல்லாதீர்கள். அது இருக்கும் இடத்தையும் உருவத்தையும் சொல்லுங்கள்: "வலது பக்கம் மேல மூணு புள்ளி ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இருக்கும்", "பல்சக்கரம் மாதிரி ஒரு படம்". விரல் விஷயத்தையும் மறக்காதீர்கள்: "கொசுவ தொடுற மாதிரி லேசா தொட்டுட்டு எடுத்துடுங்க."

படி 5: எழுத வையுங்கள். சரியானதும் "அப்பாடா" என்று ஃபோனை வைத்துவிடாதீர்கள். "மா, இன்னொரு தடவ நீங்களே செய்ங்க, நான் சும்மா கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லுங்கள். பிறகு அதை எழுதச் சொல்லுங்கள். மளிகைக் கடைக் கடன் எழுதுவதற்கு வைத்திருந்தோமே, அந்த 555 புத்தகம், அது இதற்கு மிகப் பொருத்தம். சின்னதாக இருக்கும், ஃபோன் பக்கத்திலேயே கிடக்கும். ஒரு பக்கத்தில் ஒரு வேலை. அவர்கள் சொந்தச் சொல்லில், அவர்கள் கையெழுத்தில். 'வைஃபை' என்று எழுதாமல் 'விசிறி மாதிரி படம்' என்று எழுதினால் அதுதான் சரி. நீங்கள் திருத்தாதீர்கள். ஆனால் ஒன்று: பாஸ்வர்டு, வங்கி ரகசிய எண் எதையும் அந்தப் புத்தகத்தில் எழுதக்கூடாது.

4. இரண்டு உரையாடல்கள்

ஒரே பிரச்சினையை இரண்டு விதமாகப் பார்ப்போம். அம்மாவின் ஃபோனில் தற்செயலாக விமானப் பயன்முறை, அதாவது 'ஏரோப்பிளேன் மோட்', ஆன் ஆகிவிட்டது. அப்பாவின் ஃபோனிலிருந்து மகனைக் கூப்பிடுகிறார்.

முதல் விதம்:

"ஐயா, என் ஃபோன்ல யாருமே வரமாட்றாங்கய்யா."
"டேட்டா முடிஞ்சிருக்கும். டாப்-அப் பண்ணீங்களா?"
"நேத்துதான்யா பண்ணேன்."
"அப்ப செட்டிங்ஸ் போய் நெட்வொர்க் பாருங்க."
"எங்க போறது?"
"செட்டிங்ஸ் மா! செட்டிங்ஸ்!"
"அது எங்கயா இருக்கு... ஏதோ வந்திருச்சு..."
"எதைம்மா அமுக்குனீங்க? சரி விடுங்க, கடைக்காரன்கிட்ட காட்டுங்க."

முடிவு என்ன? அம்மா ஃபோனை எடுத்துக்கொண்டு முன்பின் தெரியாத கடைக்குப் போகிறார். அங்கே ஃபோனைத் திறந்து கொடுக்கிறார். அதில் வங்கிச் செயலி இருக்கிறது.

இரண்டாவது விதம்:

"ஐயா, என் ஃபோன்ல யாருமே வரமாட்றாங்கய்யா."
"சரிம்மா, பாக்கலாம். கண்ணாடி போட்டிருக்கீங்களா? ஃபோன கையில வச்சிக்குங்க. மேல, மணி காட்டுற வரிசையில என்னென்ன படம் இருக்கு?"
"மணி இருக்கு. பேட்டரி இருக்கு. அப்புறம்... ஏரோப்பிளேன் மாதிரி சின்னதா ஒண்ணு."
"ஆங், கண்டுபிடிச்சிட்டீங்க. அதான் விஷயம். ஃபோனோட உச்சியில விரல வச்சி, மெதுவா கீழ இழுங்க. திரைச்சீலை இறக்குற மாதிரி."
"இழுத்தேன். நிறைய வட்டம் வட்டமா வருது."
"அதுல அதே ஏரோப்பிளேன் இருக்கா?"
"இன்னும் காணோம்."
"இன்னொரு தடவ கீழ இழுங்க."
"ஆங், இருக்கு இருக்கு. கலரா இருக்கு."
"அத லேசா ஒரு தடவ தொடுங்க. இப்ப?"
"கலர் போயிடுச்சு. மேல கோடு கோடா வந்திருச்சுய்யா!"
"அவ்வளவுதான்மா. ஏரோப்பிளேன் வந்தா லைன் போயிடும். அடுத்த தடவ நீங்களே தட்டி விட்டுடலாம்."

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் 'நானே கண்டுபிடிச்சேன்' என்ற சந்தோஷம் அம்மாவுக்குக் கிடைத்தது. நாளைக்குப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அவரே இதைச் சொல்லிக் கொடுப்பார்.

அப்பாமார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல அப்பாக்கள் நேரடியாகக் கேட்கமாட்டார்கள். "அப்பாவுக்கு என்னமோ வரலையாம், கேக்கச் சொன்னாரு" என்று அம்மா வழியாகத்தான் வரும். அல்லது மூன்று மாதம் வேலை செய்யாத ஃபோனை வைத்துக்கொண்டு "நல்லாத்தான் இருக்கு" என்பார். அப்பாவிடம் பேசும்போது, மற்றவர்கள் கேட்க ஸ்பீக்கரில் பாடம் நடத்தாதீர்கள். "பா, இந்த செயலி புதுசா மாறிடுச்சு, எனக்கே கொஞ்ச நேரம் ஆச்சு" என்று தொடங்கினால் அவர் காது கொடுப்பார். பெரும்பாலும் அது உண்மையும்கூட.

5. திரையைப் பகிர்வது: நன்மையும் எச்சரிக்கையும்

வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் திரையைப் பகிரும் வசதி 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அம்மா வீடியோ அழைப்பில் இருக்கும்போது, கீழே உள்ள பட்டன்களில் அம்புக்குறி போட்ட ஃபோன் படத்தைத் தொட்டு அனுமதி கொடுத்தால், அவர் திரை உங்களுக்குத் தெரியும். சில ஃபோன்களில் மூன்று புள்ளிக்குள் ஒளிந்திருக்கும். நீங்கள் பார்க்க மட்டும்தான் முடியும். இயக்குவது அவர்கள் விரல்தான். கற்றுக்கொடுப்பதற்கு அது நல்லதே.

வீட்டில் விண்டோஸ் கணினி இருந்தால் 'குவிக் அசிஸ்ட்' உள்ளது. உதவி செய்பவர் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து ஒரு குறியீட்டைப் பெற வேண்டும். பெற்றோர் கண்ட்ரோல், விண்டோஸ், கியூ ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் அந்தச் செயலி திறக்கும். குறியீட்டைப் போட்டு அனுமதித்தால் நீங்கள் இங்கிருந்து திரையைப் பார்க்கலாம்; அவர்கள் இன்னொரு அனுமதி கொடுத்தால் இயக்கவும் செய்யலாம்.

இதே வசதிகளை மோசடிக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள் என்பதை மறக்கக்கூடாது. ஆகவே வீட்டுக்கு ஒரு விதி வையுங்கள்: 'திரையைக் காட்டுவது பிள்ளைகளுக்கு மட்டும். அதுவும் நாமே பிள்ளையின் நம்பருக்குக் கூப்பிட்ட பிறகுதான்.' வங்கிச் செயலி திறந்திருக்கும்போது திரையைப் பகிரவே வேண்டாம். பல வங்கிச் செயலிகள் அப்போது தானாகவே திரையைக் கறுப்பாக்கிவிடும். இருந்தாலும் பழக்கம் நம்முடையதாக இருக்கட்டும்.

இன்னொரு யோசனை, குடும்பச் சொல். உங்கள் குரலிலோ உங்கள் வாட்ஸ்அப் படத்திலோ யாராவது "அவசரமா காசு போடுங்க" என்று கேட்டால், அம்மா கேட்க வேண்டிய ஒரு ரகசியச் சொல். பழைய தோட்டத்து லயத்தில் வளர்த்த நாயின் பெயராக இருக்கலாம், பாட்டி செய்த பலகாரமாக இருக்கலாம். ஃபேஸ்புக்கில் இல்லாத ஒன்றாக இருந்தால் போதும்.

6. எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாமா?

"எதுக்கு இவ்வளவு சிரமம்? பாஸ்வர்டை வாங்கி நானே எல்லாம் கட்டிடுறேன்" என்று சிலர் நினைக்கலாம். படுக்கையில் இருப்பவர், கண் தெரியாதவர் என்றால் அது வேறு. மற்றவர்களுக்கு அது நல்லதல்ல. வங்கி ரகசிய எண்ணையோ ஓடிபியையோ யாரிடமும் சொல்லக்கூடாது என்று ஒரு பக்கம் சொல்லிக் கொடுத்துவிட்டு, மறுபக்கம் நாமே ஃபோனில் கேட்டு வாங்கினால் எந்தப் பாடம் மனதில் நிற்கும்? 'தெரிஞ்சவங்க கேட்டா சொல்லலாம்' என்பதுதான். மோசடிக்காரன் முதலில் செய்வதே தெரிந்தவன்போல ஆவதுதான்.

இன்னொன்று. இத்தனை வருடம் நம்மைப் படிக்க வைத்து, வீட்டுக் கடன் கட்டி, ஒவ்வொரு வெள்ளியையும் எண்ணிச் செலவு செய்தவர்கள் அவர்கள். தங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கு இன்னொருவரிடம் கேட்க வேண்டிய நிலை வந்தால் மனம் வலிக்கும். வெளியே சொல்லமாட்டார்கள்.

நம் முகாம்களிலும் பள்ளிகளிலும் பாதபூஜை செய்கிறோம். பெற்றோரின் பாதத்தைக் கழுவிப் பொட்டு வைக்கும்போது பலருக்குக் கண்ணீரே வந்துவிடுகிறது. அது ஒரு நாள். மற்ற நாட்களில் அந்த மரியாதை எங்கே தெரிய வேண்டும்? "அந்த பட்டன் எங்கய்யா இருக்கு?" என்று அவர்கள் மூன்றாவது முறையாகக் கேட்கும்போது நாம் சொல்லும் பதிலில் தெரிய வேண்டும்.

7. ஆபத்து வந்துவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் நடக்கலாம். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். உண்மையில் அது ஏபிகே எனப்படும் செயலிக் கோப்பு. வீடு சுத்தம் செய்ய ஆள் வேண்டுமா என்று விளம்பரம் வரும். பதிவு செய்ய ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். இரண்டும் நம் நாட்டில் நடந்த மோசடிகள்தான். அந்தச் செயலி குறுஞ்செய்தியில் வரும் ரகசிய எண்ணைத் திருடிவிடும். 2022இல் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி ஓடிபியைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி வங்கிகளைக் கேட்டுக்கொண்டதற்கு இப்படிப்பட்ட மோசடிகளும் ஒரு காரணம்.

அம்மா நடுங்கும் குரலில் கூப்பிட்டால், நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் இது: "உடனே சொன்னீங்களே, நல்லதாப் போச்சு." "ஏன் பண்ணீங்க?" என்ற கேள்வி வேண்டாம். இன்றைக்கு வேண்டாம், நாளைக்கும் வேண்டாம். அந்தக் கேள்விக்கு அவர் பதில் தேடும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறிக்கொண்டிருக்கும்.

பிறகு இந்த வரிசை:

• சந்தேகமான செயலியை இறக்கியிருந்தால், அந்த ஃபோனில் வைஃபை, டேட்டா இரண்டையும் அணைக்கச் சொல்லுங்கள். விமானப் பயன்முறை இப்போதுதான் உதவிக்கு வருகிறது.

• வேறு ஃபோனிலிருந்து வங்கியின் அவசர எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். வங்கி அட்டையின் பின்புறம் உள்ள எண்ணைப் பாருங்கள். குறுஞ்செய்தியில் வந்த எண்ணுக்கு அழைக்கக் கூடாது. வங்கிகளில் கணக்கை உடனே முடக்கும் 'கில் சுவிட்ச்' வசதியும் உண்டு.

• பணம் போயிருந்தால் 997. இது 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட, என்எஸ்ஆர்சி எனப்படும் தேசிய மோசடி தடுப்பு உதவி மையத்தின் எண். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம்.

• அடுத்து போலீஸ் புகார். திரைப்படங்கள், எண்கள், செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம், அவை சாட்சி.

• வாட்ஸ்அப் பறிபோயிருந்தால், அம்மாவின் எண்ணை வைத்து அவர் ஃபோனில் மறுபடியும் பதிவு செய்யுங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்க எண்ணைப் போட்டதும் திருடன் வெளியேறிவிடுவான். அவன் இரண்டாம் கட்டப் பூட்டு ஒன்று போட்டு வைத்திருந்தால், நீங்கள் உள்ளே நுழைய ஏழு நாள் காத்திருக்க வேண்டிவரும். அவன் அதற்கு முன்பே வெளியேறியிருப்பான். இதற்கிடையில் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்: "அம்மா நம்பர்லேருந்து காசு கேட்டா நம்பாதீங்க."

பணம் அனுப்பும் முன்பே சந்தேகம் வந்தால் போலீசாரின் 'செமாக் மியூல்' இணையத்தளத்தில் அந்த வங்கிக் கணக்கு எண்ணையோ ஃபோன் எண்ணையோ போட்டுப் பார்க்கலாம். அதன்மேல் ஏற்கெனவே புகார் இருந்தால் காட்டும். எதுவும் காட்டவில்லை என்பதற்காக அது நல்ல கணக்கு என்று முடிவு செய்துவிடாதீர்கள். இன்னும் யாரும் புகார் செய்யாததாகவும் இருக்கலாம்.

8. தீபாவளிக்குப் போகும்போது ஒரு மணி நேரம்

ஃபோனில் செய்யக் கடினமான வேலைகளை நேரில் போகும்போது முடித்து வைத்தால் வருடம் முழுவதும் அழைப்புகள் குறையும். முறுக்கு சுடும் நேரத்தில் இல்லை. சாப்பிட்டு முடித்து எல்லாரும் ஓய்வாக இருக்கும்போது. ஃபோன் அவர்கள் கையில், நீங்கள் பக்கத்தில்.

• எழுத்தைப் பெரிதாக்குங்கள். திரை வெளிச்சத்தையும் மணிச் சத்தத்தையும் கூட்டி வையுங்கள்.

• எந்த மொழி வேண்டும் என்று கேளுங்கள். ஆண்ட்ராய்டில் தமிழும் உண்டு, மலாயும் உண்டு. தமிழ் என்றால் சுலபம் என்று நாமே முடிவு செய்யக்கூடாது. 'அறிவிப்புகள்', 'பதிவிறக்கம்' என்பதைவிட மலாய்ச் சொல்லே பழக்கம் என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் விருப்பம்தான்.

• தமிழில் எழுத வழி செய்யுங்கள். 1985இல் முரசு அஞ்சலையும், பிறகு கைப்பேசிக்குச் செல்லினத்தையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் மலேசியர். தட்டச்சு கஷ்டம் என்றால் விசைப்பலகையில் உள்ள மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினாலே எழுத்தாகிவிடும். அம்மா வாய்விட்டுச் சிரிக்கப்போவது உறுதி.

• வாட்ஸ்அப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். ஆறு இலக்க எண்ணை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலில் தெரியாத கணினி ஏதாவது இருந்தால் நீக்குங்கள்.

• பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலி நிறுவும் அனுமதியை வாட்ஸ்அப்புக்கும் உலாவிக்கும் அணைத்து வையுங்கள்.

• வங்கி அவசர எண், 997, உங்கள் எண், பக்கத்தில் இருக்கும் ஒரு நம்பிக்கையான உறவினர் எண் ஆகிய நான்கையும் 555 புத்தகத்தின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுத வையுங்கள்.

• கடைசியாக, அவர்கள் ஃபோனின் முகப்புத் திரையை உங்கள் ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை "என்ன தெரியுது?" என்று கேட்கும்போது அந்தப் படம் உங்கள் கண்முன் இருக்கும்.

இந்த மாதப் பயிற்சி

1. ஒரு நண்பரோடு முதுகுக்கு முதுகு உட்காருங்கள். அவர் ஃபோன் மொழியை உங்கள் இருவருக்கும் தெரியாத ஒரு மொழிக்கு மாற்றுங்கள். இப்போது அவர் ஃபோனில் எழுத்தைப் பெரிதாக்க, வாயால் மட்டும் வழி சொல்லுங்கள். பட்டன் பெயர் சொல்லக்கூடாது. பிறகு இடம் மாற்றிச் செய்யுங்கள். அம்மாவின் நிலை பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

2. இந்த வாரம் எந்தப் பிரச்சினையும் இல்லாத ஒரு நாளில் நீங்களே வீட்டுக்குக் கூப்பிடுங்கள். "ஃபோன்ல ஏதாச்சும் தொல்லை பண்ணுதா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள்.

3. குடும்பச் சொல் ஒன்றைப் பெற்றோரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

கிளைக் கூட்டத்தில் கலந்துரையாட

• உங்கள் தாமானில் பிள்ளைகள் தூரத்தில் இருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர்? கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு முறை, ஞாயிறு பூஜைக்குப் பிறகு ஒரு மணி நேரம், அவர்களுக்கு உதவ உங்கள் கிளையால் முடியுமா? அப்போது அவர்கள் ரகசிய எண்ணை நாம் பார்த்துவிடாமல் இருக்க என்ன விதிகள் வைக்க வேண்டும்?

• திரையைப் பகிரும்போது அப்பாவின் சொந்தச் செய்தி ஒன்று உங்கள் கண்ணில் பட்டுவிடுகிறது. என்ன செய்வீர்கள்?

• கடைசியாக உங்கள் அம்மாவோ அப்பாவோ ஃபோன் விஷயமாக உங்களைக் கூப்பிட்டது எப்போது? ரொம்ப நாளாகக் கூப்பிடவில்லை என்றால், எல்லாம் தெரிந்துவிட்டதாலா, அல்லது கேட்கத் தயங்கியா?